ஆர்லெட்ஜ் போதுமா? விளையாட்டுப் படம் எடுக்க விரும்பும் குடியாத்தம் தம்பிக்கு

குடியாத்தம் வாசகர், ஜனவரி 19

அண்ணே, நான் எருது விடும் விழா, அதாவது மாட்டை ஓடவிட்டு விநாடிக் கணக்கில் பரிசு கொடுக்கும் விழா, அதை வீடியோ எடுப்பவன். இந்த சீசன் முழுக்க ட்ரோன், ஸ்லோ மோஷன், மாட்டுக்கு ஒரு அறிமுகப் பாட்டு என்று ஓடிக்கொண்டிருக்கிறேன். அடுத்து முழுநீள விளையாட்டு ஆவணப்படம் தயாரிக்க ஆசை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ரூன் ஆர்லெட்ஜ் என்று ஒருவர் இருந்தாராம். இன்றைக்கு நாம் பார்க்கிற ஸ்போர்ட்ஸ் டிவியே அவர் போட்ட பாதை என்கிறார்கள். அவரைப் படித்தால் போதும் என்பது என் கட்சி. சரியா?

ஜனவரி 19, இரவு

பாதி சரி.

ஆர்லெட்ஜ் 1931இல் நியூயார்க்கில் பிறந்தவர். என்பிசி டிவியில் குழந்தைகளுக்கான பொம்மை நிகழ்ச்சி தயாரித்து, டிவிக்கான எம்மி விருது வாங்கினார். 1960இல் ஏபிசிக்கு வந்தார். அப்போது அமெரிக்காவில் மூன்று பெரிய டிவி நெட்வொர்க்குகள், அதில் ஏபிசிதான் கடைக்குட்டி. பெரிய போட்டிகளை வாங்கக் கையில் காசு இல்லை. கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்தை எப்படிக் காட்டலாம் என்று அவர் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். அதன் சாரம் இவ்வளவுதான்: இதுவரை ஆட்டத்தை வீட்டுக்குக் கொண்டுபோனோம், இனி வீட்டில் இருப்பவனை மைதானத்துக்குக் கூட்டிப்போவோம். கையில் தூக்கும் கேமரா, தூரத்துச் சத்தத்தைப் பிடிக்கும் மைக், பயிற்சியாளர் முகம், கூட்டத்தில் நகம் கடிக்கிறவன், எல்லாமே அந்தக் கணக்கில் வந்தவை. ஸ்லோ மோஷன் மறுகாட்சியை 60களின் தொடக்கத்திலேயே பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் இவருடைய குழுவும் உண்டு.

1961 ஏப்ரல் 29ஆம் தேதி ‘வைட் வேர்ல்ட் ஆஃப் ஸ்போர்ட்ஸ்’ தொடங்கியது. காசு இல்லாததால் யாரும் வாங்காத போட்டிகளாகப் பார்த்து வாங்கினார்கள். பாறை உச்சியிலிருந்து கடலில் குதிப்பது, தண்ணீரில் மிதக்கும் மரக்கட்டை மேல் நின்று உருட்டுவது, பழைய கார்களை மோதி நொறுக்குவது. பார்க்கிறவனுக்கு விளையாட்டின் விதி தெரியாது. அதனால் முதலில் ஆளைக் காட்டினார்கள்: இவன் யார், எந்த ஊர், தோற்றால் என்ன ஆகும். ஆளைப் பிடித்துவிட்டால் விதி தானாகப் புரிந்துவிடும்.

எருது விடும் விழாவை மதுரைக்காரனுக்கு விளக்கவே நீ இந்த வேலையைச் செய்தாக வேண்டும், தம்பி. அந்த அளவில் உன் கட்சிக்கு நானும் ஓட்டுப் போடுகிறேன். மீதிப் பாதி நாளைக்கு.

ஜனவரி 20

மீதிப் பாதியின் பெயர் பட் கிரீன்ஸ்பான். வேலூர்க்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம், ஏனென்றால் இவர் எடுத்த முதல் படமே பளு தூக்குபவரைப் பற்றியது.

1926இல் பிறந்தவர், இவரும் நியூயார்க். 21 வயதிலேயே ஒரு வானொலி நிலையத்தின் விளையாட்டுப் பிரிவுத் தலைவர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் வெம்ப்ளி மைதானத்து டெலிபோன் பூத்திலிருந்து செய்தி சொன்னவர். அப்புறம் சில்லறை வருமானத்துக்காக நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்கும் வேஷம் கட்டினார். பக்கத்தில் அதே வேஷத்தில் நின்ற ஒருவர் ஜான் டேவிஸ். புரூக்ளின்காரர், கறுப்பினத்தவர், பாடுவதில் ஆசை உள்ளவர். பளு தூக்குதலில் 1938இல் 17 வயதில் உலகப் பட்டம் வென்றவர், 1948இல் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். அப்படிப்பட்ட ஆள் மேடையில் ஈட்டி பிடித்து நிற்கிறார், தெருவில் போகிறவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

1952இல் டேவிஸ் ஹெல்சின்கி ஒலிம்பிக்குக்குப் போனபோது கிரீன்ஸ்பானும் பின்னாலேயே போய்ப் படம் எடுத்தார். டேவிஸ் மறுபடியும் தங்கம் வென்றார். படம் கால் மணி நேரம், செலவு 5,000 டாலர். எந்த டிவியும் வாங்கவில்லை. கடைசியில் அமெரிக்க வெளியுறவுத் துறை 35,000 டாலருக்கு வாங்கியது. அமெரிக்காவில் கறுப்பர்களை மிதிக்கிறார்கள் என்று சோவியத் ரஷ்யா பிரச்சாரம் செய்துகொண்டிருந்த காலம் அது. பதிலுக்குக் காட்ட அவர்களுக்கு ஒரு டேவிஸ் தேவைப்பட்டார். கலைக்காக வாங்கினார்கள் என்று யாரும் கண்கலங்க வேண்டாம்.

ஜனவரி 20, மாலை

காட்பாடி நண்பர் கேட்கிறார்: கிரீன்ஸ்பான் எந்த டிவியிலும் அதிகாரியாக இருந்ததில்லையே, இரண்டு பேரையும் எப்படி ஒரே தட்டில் வைக்கலாம்?

வைக்க முடியாது. நான் சொல்ல வருவதும் அதுதான். அதிகாரியிடம் நேரம் இருக்கிறது, சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணி நேரம், அதை நிரப்பப் படம் தேட வேண்டும். தயாரிப்பாளரிடம் படம் இருக்கிறது, காட்ட நேரம் கிடைப்பதில்லை. கிரீன்ஸ்பான் வாழ்க்கை முழுக்க இந்த இரண்டாவது கஷ்டம்தான். 1960களில் ஜெஸ்ஸி ஓவன்ஸை அதே பெர்லின் மைதானத்துக்குத் திரும்பக் கூட்டிப்போய் ஒரு படம் எடுத்தார். ஓவன்ஸ் 1936இல் ஹிட்லர் பார்க்க நான்கு தங்கம் வென்ற இடம். பெரிய நெட்வொர்க்குகள் வேண்டாம் என்றதும் ஊர் ஊராக இருந்த தனி நிலையங்களிடம் நேராகப் போய் விற்றார். நம் ஊர் கணக்கில் சொன்னால், சேட்டிலைட் சேனல் கைவிரித்ததும் கேபிள் ஆபரேட்டர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்ததுபோல. அந்த வேலை எனக்கும் பழக்கம்தான், ஆனால் நான் விற்றது ஓவன்ஸ் படம் இல்லை, ஆடி வெள்ளி அம்மன் ஊர்வலம்.

மனைவியின் செல்லப் பெயர் கேப்பி. அதையே கம்பெனிக்கு வைத்தார். படங்களின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அதிகாரியாக இருந்தால் ரிட்டையர் ஆகும்போது காட்சிகள் கம்பெனியோடு போய்விடும். இவருடைய காட்சிகள் இவரிடமே இருந்தன.

ஜனவரி 22

வேலூரில் பளு தூக்குபவர்களின் இடம் சத்துவாச்சாரி. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டி, 77 கிலோ பிரிவு. சத்துவாச்சாரிக்காரரான நம் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவில் இரண்டு வகைத் தூக்கலில் 149, 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கியவர். இந்த முறை தொடையில் காயத்தோடு போயிருந்தார். ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்நாட்சில் அவர் 144, இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் 145. ஒரு கிலோ பின்னால். முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் சதீஷ் 173 தூக்கி மொத்தம் 317க்கு வந்தார். ஆலிவர் 171 தூக்க இரண்டு முறை முயன்று இரண்டிலும் தவறவிட்டார். 145ம் முன்னமே தூக்கியிருந்த 167ம் சேர்த்து 312, வெள்ளி. சதீஷ் கடைசி முயற்சிக்கு வரவே தேவைப்படவில்லை.

இப்போது யோசித்துப் பார். தங்கம் முடிவான அந்த நிமிடத்தில் மேடையில் நின்றவர் தோற்றவர். ஜெயித்தவர் உள்ளே, வார்ம்அப் அறையில். மேடையை மட்டும் பிடிக்கிற கேமராவுக்குக் கிடைப்பது எடை மாட்டிய கம்பி, அதாவது பார், கீழே விழுகிற சத்தம், அவ்வளவுதான். ஸ்கோர்போர்டு மாறும், பிறகு மெடல் விழா. அந்த அறையில் தொடைக்கு என்ன கட்டினார்கள், கோச் பேப்பரில் என்ன கணக்குப் போட்டார், எதிராளி எத்தனை கிலோ கேட்கிறான் என்று பார்த்து யார் எப்போது கேட்ட எடையை மாற்றினார்கள், பளு தூக்குதலில் சண்டை நடக்கிற இடம் அதுதான். விவரம் தெரிந்தவர்களுக்கு இது சதுரங்கம்.

ஆர்லெட்ஜ் பாணியில் வந்தவர்கள் அந்த மேடையில் பத்துக் கேமரா வைப்பார்கள். கிரீன்ஸ்பான் ஒன்றை உள்ளே வைப்பார் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 23

ஆம்பூர்க்காரர் கோபித்துக்கொண்டார்: ஆர்லெட்ஜை மசாலா வியாபாரி ஆக்கிவிட்டீர்களே.

இல்லை சார். 1972 மூனிக் ஒலிம்பிக்கைப் பற்றி எழுதவேண்டும் என்று இருந்தேன், நீங்களே வாயைத் திறக்க வைத்துவிட்டீர்கள். செப்டம்பர் 5 காலை, ஒலிம்பிக் கிராமத்துக்குள் புகுந்தவர்கள் இஸ்ரேல் அணியினரைப் பிடித்துவைத்தார்கள். அங்கே இருந்தது ஏபிசியின் விளையாட்டுக் குழு, செய்திக் குழு அல்ல. ஆர்லெட்ஜ் கட்டுப்பாட்டு அறையில், தொகுப்பாளர் ஜிம் மெக்கே கேமரா முன்னால். மணிக்கணக்காக நேரலை. எல்லோரும் காப்பாற்றப்பட்டார்கள் என்று நடுவில் ஒரு தகவல் வந்தது, அது பொய்யானது. கடைசியில் 11 பேரும் இறந்த செய்தியை மெக்கேதான் சொல்ல வேண்டிவந்தது. உறுதியாகும் வரை எதைச் சொல்லலாம், எதை நிறுத்திவைக்கலாம் என்பதை அன்றைக்கு ஒரு விளையாட்டுத் தயாரிப்பாளர் முடிவு செய்துகொண்டிருந்தார்.

ஐந்து வருடம் கழித்து, 1977இல், ஏபிசி அவரையே செய்திப் பிரிவுக்கும் தலைவராக்கியது. பொம்மை நிகழ்ச்சி தயாரித்தவன் செய்திக்கா என்று கேலி பேசினார்கள். 1979 நவம்பரில் ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்தபோது தினமும் இரவில் ஒரு நிகழ்ச்சி போட்டார். பிணைக்கைதிகள் திரும்புவதற்குள்ளாகவே அது 1980இல் ‘நைட்லைன்’ என்ற நிரந்தர நிகழ்ச்சியாகிவிட்டது. 2002இல் இறந்தார்.

எனவே ஆளைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒன்று. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கு ஏபிசி கொடுத்தது 22.5 கோடி டாலர். அவ்வளவு கொடுத்தவன் கடைசியாக வருகிறவனுக்காகக் கேமராவை நிறுத்திவைப்பானா? நிறுத்தினால் பங்குதாரர் கேட்பார்.

ஜனவரி 23, சற்று நேரம் கழித்து

அதே 1984ஐ கிரீன்ஸ்பான் எப்படி எடுத்தார் என்று பாருங்கள். அந்த ஒலிம்பிக்கின் அதிகாரபூர்வப் படம் அவருடையது. அதில் 5,000 மீட்டர் ஓட்டம் வருகிறது. ஜெயித்தவர் மொராக்கோவின் சயீத் ஆவிட்டா. படம் ஒட்டிக்கொண்டிருப்பது பிரிட்டனின் டேவிட் மூர்கிராஃப்ட் மேல். 1982இல் 13 நிமிடம் 0.41 விநாடியில் ஓடி உலக சாதனை வைத்திருந்தவர். இப்போது உடம்பு ஒத்துழைக்கவில்லை, கடைசியில் ஓடுகிறார். அவருடைய ஒரே லட்சியம் ஆவிட்டா தன்னை ஒரு சுற்று முந்திவிடக் கூடாது என்பது. உலக சாதனையாளருக்கு அதுதான் அன்றைய பந்தயம்.

(அதே ஒலிம்பிக்கில்தான் நம் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். 55.42க்கு எதிரே 55.41. நான்காவது இடத்தைப் பற்றிப் பேச இந்தியாவில் ஆள் சேரும். கடைசி இடத்தைப் பற்றிப் பேச யார் இருக்கிறார்கள்?)

ஜனவரி 25

பெயர் போடாமல் ஒருவர் எழுதியிருக்கிறார்: 1968 மெக்சிகோ மாரத்தானில் தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி காயத்தோடு ஓடிவந்தபோது மைதானமே நிரம்பி வழிந்து கைதட்டியதாம், அவர் 75ஆவது இடமாம்.

இரண்டும் தவறு. 75 பேர் தொடங்கினார்கள், 57 பேர் முடித்தார்கள், அவர் 57ஆவது. ஜெயித்த எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கூட்டத்தில் பெரும்பகுதி வீட்டுக்குப் போயாயிற்று. கிட்டத்தட்டக் காலியான மைதானம் என்பதால்தான் அந்தக் காட்சிக்கு அவ்வளவு பலம். கால் மூட்டில் கட்டு, இருட்டிய பாதை, இருந்த கொஞ்சம் பேர் தட்டிய கை. கிரீன்ஸ்பான் பிற்பாடு தன் ஒலிம்பிக் தொடரில் இதை வைத்துக் கதையாகச் சொன்ன பிறகுதான் உலகம் அக்வாரியைக் கொண்டாடியது. இரண்டும் தெரிய வேண்டும்: அன்றைக்குக் கடைசிவரை கேமராவை அணைக்காமல் நின்ற யாரோ ஒருவர், பல வருடம் கழித்து அந்தச் சுருளைத் தேடி எடுத்த கிரீன்ஸ்பான்.

ஜனவரி 25

மேலே எழுதியதற்கு என் சொந்தப் பின்குறிப்பு. கேபிளில் லோக்கல் சேனல் ஓடிய காலத்தில் மாவட்ட அளவிலான பளு தூக்கும் போட்டிகளுக்கு நான்தான் கேமரா. அமைப்பாளர்கள் தரும் பட்டியலில் முதல் வரியே சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை. இரண்டாவது வரி நினைவுப் பரிசு. மூன்றாவது, விருந்தினர் பார் பிடித்துப் போட்டியைத் தொடங்கிவைப்பது, அதற்கு ஒரு எடைத் தட்டுகூட மாட்டாத வெறும் பார். போட்டி என்பது கேசட்டில் மிச்சம் இருக்கும் இடத்தில் வரவேண்டிய விஷயம். ஒரு தடவை ஒரு பையன் தன் எடையைப்போல் இரண்டு மடங்கைத் தலைக்கு மேல் நிறுத்தியபோது, ஒரு விருந்தினர் தாமதமாக வந்துவிட்டார், திரும்பு திரும்பு என்று என் தோளைத் தட்டினார்கள். பார் விழுந்த சத்தம் மட்டும் பதிவானது. படத்தில் சால்வை.

அந்தக் கேசட்டும் இப்போது இல்லை. அடுத்த வாரம் அதன்மேலேயே ஒரு வளைகாப்பு எடுத்தோம். கேசட் விலை அப்படி. சத்துவாச்சாரியில் அப்பாவும் மகனுமாகப் பார் தூக்கிய வீடுகள் உண்டு, அந்த அப்பாக்கள் தூக்கியதற்குக் காட்சி ஆதாரம் தேடினால் ஆல்பத்தில் ஒட்டிய ஒரு போட்டோ கிடைக்கும். திறமைக்குப் பஞ்சமில்லை. டேப்பை அழிக்காமல் வைத்திருக்க ஒருவன் இல்லை.

ஜனவரி 26

பொன்னாடை பற்றி எழுதினால் இத்தனை பேர் சிரிப்பீர்கள் என்று தெரிந்திருந்தால் முதலிலேயே எழுதியிருப்பேன். பின்னூட்டத்தில் போடும் பிரியாணிச் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பூரா வாணியம்பாடியா என்பதற்கு ஆற்காட்டுக்காரனிடம் தீர்ப்புக் கேட்டால் அவன் தன் ஊர் இனிப்பான மக்கன் பேடா என்றுதான் சொல்வான்.

பேர்ணாம்பட்டு நண்பரின் கேள்வி உருப்படியானது. கல்யாண வீடியோக்காரன் விளையாட்டுப் படம் எடுத்துப் பெரிய ஆளாக முடியுமா?

எட் சாபோல். பிலடெல்பியா பக்கம் மாமனாரின் ஓவர்கோட் வியாபாரத்தில் இருந்தவர். கல்யாணப் பரிசாக வந்தது ஒரு 16 எம்எம் கேமரா. அதில் மகன் ஸ்டீவின் பள்ளிக் கால்பந்து ஆட்டங்களை எடுத்துப் பழகினார். 1962இல் அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தைப் படம்பிடிக்கும் உரிமையை 3,000 டாலருக்கு வாங்கினார். டிசம்பர் மாதத்து நியூயார்க் குளிரில் கேமராக்கள் உறைந்தன. ஆனாலும் படம் வந்தது. கம்பெனிக்கு மகள் பெயர். சில வருடத்தில் அந்த விளையாட்டு லீகே கம்பெனியை வாங்கி என்எஃப்எல் பிலிம்ஸ் என்று பெயர் மாற்றியது. மகன் ஸ்டீவ் கல்லூரியில் ஓவியம் படித்தவர். வீரனின் முகம், மூச்சு, சேறு படிந்த கை என்று நெருங்கிப் போய் எடுத்தார்கள். எடுத்த எதையும் தூக்கிப் போடவில்லை. 2011இல் எட் சாபோலுக்கு அந்த விளையாட்டின் புகழ்க்கூடத்தில் இடம் கொடுத்தார்கள், ஒரு ஆட்டமும் ஆடாதவருக்கு.

கேமரா கல்யாணப் பரிசு என்பது நம் தொழிலுக்கு நல்ல சகுனம். மொய்யில் இனிமேல் லென்ஸ் எழுதுங்கள்.

ஜனவரி 29

குடியாத்தம் தம்பி மூன்று நிமிட வீடியோ அனுப்பியிருந்தான். பார்த்தேன். மாடு வருகிறது, ட்ரோன் கூடவே பறக்கிறது, பாட்டு வெடிக்கிறது, கீழே விநாடி ஓடுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது, இதேபோல இன்னும் நாற்பது சேனல் இருக்கிறது.

கோடு தாண்டிய பிறகு நீ வெட்டிவிடுகிறாய். அதற்குப் பிறகு அந்த மாட்டை யார் பிடிக்கிறார்கள்? ஓடின வேகத்தில் ஊர் எல்லையைத் தாண்டிப் போன மாட்டைத் தேடிக்கொண்டு கயிற்றோடு ஓடுகிறவர்கள் யார்? பரிசு கிடைக்காத மாடு எந்த வண்டியில், எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறது, வீட்டில் யார் தவிட்டுத் தண்ணீர் காட்டுகிறார்கள்? பெரும்பாலும் ஒரு பெண்தான். உன் வீடியோவில் ஒரு பெண்கூட இல்லை.

ஜனவரி 29, மறுபடியும்

இன்னொன்று தோன்றுகிறது, இதுதான் பெரிய படம். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டது. 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் வந்தது, அதில் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா எல்லாம் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டன. 2023 மே 18இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. கோர்ட் கதையும் மெரினா கதையும் எல்லோரிடமும் இருக்கிறது. தடை இருந்த காலத்தில், ஓடப் போவதில்லை என்று தெரிந்தும் பருத்திக்கொட்டை வாங்கிப் போட்டு மாட்டை வைத்திருந்த வீடுகளின் கதை யாரிடம்? விற்றுவிட்டவர்களும் இருப்பார்கள். அவர்களையும் கேள். விற்றவன் சொல்வது வைத்திருந்தவன் சொல்வதைவிடச் சுவாரசியமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

ஆர்லெட்ஜிடமிருந்து எடுத்துக்கொள்: மதுரைக்காரனும் சென்னைக்காரனும் சேனலை மாற்றாதபடி முதல் இரண்டு நிமிடத்தில் ஆளைக் காட்டு. அதற்குப் பிறகு கிரீன்ஸ்பானிடம் போய்விடு.

பிப்ரவரி 2

செலவு, அனுமதி பற்றிக் கேட்டிருக்கிறாய். மாட்டுக்காரர், விழாக் குழு, வீட்டுப் பெண்கள், எல்லோரிடமும் தமிழில் எழுதிய ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கு. படித்துக் காட்டிவிட்டு வாங்கு. ஊர்க்காரன்தானே என்று விடாதே, மாடு ஜெயித்த மறுநாள் ஊர்க்காரன் வேறு ஆள். ரஷ், அதாவது வெட்டாத மூலக் காட்சிகள், முழுவதும் இரண்டு ஹார்டு டிஸ்கில், இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. எந்த சேனல் வந்து பணம் கொடுத்தாலும் ஒளிபரப்பு உரிமையை மட்டும் விற்று, ரஷ்ஷை உன்னிடமே வைத்துக்கொள்.

கேமராவை மாடி மேல் வை, பாதை ஓரத்தில் தட்டியை நம்பி நிற்காதே. வருடா வருடம் அங்கேதான் ஆட்களுக்குக் குத்துப் படுகிறது.

பின்னணி இசையை இப்போதைக்குத் தொடாதே. குளம்புச் சத்தம், விசில், மைக்கில் கத்துகிறவர், மாட்டுக்காரர் மூச்சு, இவற்றைத் தனி மைக்கில் எடு. முதல் கட் ஒரு மணி நேரம் வந்தாலும் பரவாயில்லை, பாட்டு இல்லாமல் அனுப்பு. மாசி மயிறு வரை எனக்குக் கல்யாண ஆர்டர் இருக்கிறது, இரவில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பிப்ரவரி 2

‘மாசி மகம்’ என்று படிக்கவும். போனில் தட்டினால் இப்படித்தான். காட்பாடி நண்பர் இதற்காகவே காத்திருந்ததுபோல் உடனே எழுதிவிட்டார்.